குழிக்கும் ஒரு படித்துறை வேண்டும்



ஜனவரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து குஜராத் மாநிலம் கட்ச் பக்கம் போய் வந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உப்புப் பாலைவனத்துக்கும் லக்பத் கோட்டைக்கும் நிறையப் பேர் லைக் போட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் கடைசியாகப் போட்ட ஐந்து படங்களுக்குத்தான் கேள்விகள் வந்தன. "சார், இது என்ன குவாரிங்க? வெறும் பள்ளத்துக்கு எதுக்கு அஞ்சு போட்டோ?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் கமெண்டில் அடங்காது. பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆறாம் வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது வேலை முடிந்து கைவிடப்பட்ட ஒரு பென்டோனைட் களிமண் சுரங்கம். சுரங்கம் என்றதும் பூமிக்குள் இருட்டுக் குகையை நினைக்க வேண்டாம். திறந்தவெளியில் மேல்மண்ணை வழித்துத் தள்ளிவிட்டுக் களியை அள்ளிய பெரும் பள்ளம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் களி மூட்டை மூட்டையாக நம் கோயம்புத்தூருக்கும் வருகிறது. மூட்டை தீர்ந்துவிடும், பள்ளம் மட்டும் அங்கேயே கிடக்கும். பள்ளத்தை ஆடு மாடும் குழந்தைகளும் இறங்கி ஏறக்கூடிய குளமாக மாற்றிக் கொடுக்கிற செலவு, அந்த மூட்டை விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்கிற கடமை, மூட்டை வாங்குகிற நமக்கு உண்டு.

பவுண்டரியில் வேலை பார்க்கும் தம்பிகளுக்குப் பென்டோனைட் என்றால் என்ன என்று நான் பாடம் நடத்தத் தேவையில்லை. மற்ற சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் பம்பின் உடல் இரும்பு வார்ப்பு. உருக்கிய இரும்பை ஊற்ற மணலில் அச்சு செய்வார்கள். ஆற்று மணலைக் கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிரும். அது உதிராமல், 1,300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பு வந்து விழும்போதும் உருக்குலையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிடிமானம் தருவது பென்டோனைட். மணலோடு நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இந்தக் களித்தூளும், கொஞ்சம் நிலக்கரித் தூளும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்தால் மோல்டிங் மணல் தயார். பீளமேடும் கணபதியும் சிங்காநல்லூரும் பம்புக்குப் பேர் வாங்கியதில் இந்தக் களிக்கும் பங்கு உண்டு.

சென்னையில் இருக்கும் உறவினர்கள் இதை வேறு விதத்தில் பார்த்திருப்பீர்கள். மெட்ரோ ரயிலுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் ஆழமாகத் துளை போடும்போது, பக்கவாட்டு மண் சரியாமல் இருக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு கூழை ஊற்றுவார்கள். அது பென்டோனைட் கூழ். கலக்கினால் தண்ணீர் போல ஓடும், சும்மா விட்டால் உறைந்த தயிர் போல நிற்கும். வீட்டுக்கு எர்த் போடும்போது எலக்ட்ரீஷியன் குழியில் கொட்டுகிற தூளும் பெரும்பாலும் இதுதான். ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் கொட்டுகிறார்கள்.

இந்தக் களிக்கு இவ்வளவு குணம் எங்கிருந்து வந்தது? போளியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் மைதா, நடுவில் பூரணம். இந்தக் களிமத்தின் ஒவ்வொரு தகடும் அப்படித்தான். மேலேயும் கீழேயும் சிலிக்கா அடுக்கு, நடுவில் அலுமினா அடுக்கு. ஒரு தகட்டின் கனம், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு. இப்படி லட்சக்கணக்கான போளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. பூரணத்தில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்துவிடுவதால், தகட்டுக்குக் கொஞ்சம் எதிர்மின் தன்மை வந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்ட, இரண்டு தகடுகளுக்கு நடுவே சோடியமோ கால்சியமோ வந்து ஒட்டிக்கொள்கிறது. சோடியம் தளர்வாகப் பிடிக்கும். தண்ணீர் பட்டதும் அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்து தகடுகளைத் தள்ளித் தள்ளி விலக்கும். நல்ல சோடியம் பென்டோனைட் தன் பருமனைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஊதுவது இதனால்தான். ஊதி அடைத்துக்கொண்ட களி வழியாக அடுத்த சொட்டுத் தண்ணீர் லேசில் இறங்காது.

இந்தக் களிமத்துக்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். பிரான்ஸில் மான்ட்மோரில்லோன் என்ற ஊரில் கிடைத்ததால் 1847-ல் அந்தப் பெயர் வைத்தார்கள். பென்டோனைட் என்ற பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. வயோமிங் பகுதியில் பென்டன் என்ற பாறை அடுக்கில் கிடைத்த களிக்கு, நைட் என்ற புவியியலாளர் 1898-ல் அந்தப் பெயரைச் சூட்டினார்.

பெயர்தான் வெளிநாடு. இதன் உறவுக்காரன் நம் தோட்டத்திலேயே இருக்கிறான். கரிசல் மண். சித்திரை வெயிலில் கரிசல் காடு கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடப்பதையும், ஒரு மழை பெய்ததும் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு செருப்பைப் பிடுங்குவதையும் பார்த்திருக்கிறீர்கள். கரிசலில் வீடு கட்டினால் அஸ்திவாரம் ஆழமாகப் போட வேண்டும் என்று கொத்தனார் சொல்வதற்கும் இதுவே காரணம். கரிசலில் இந்தக் களிமக் குடும்பம் மற்ற மண்ணோடு கலந்து இருக்கிறது. பென்டோனைட்டில் பெரும்பகுதி அதுவே. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருவோம். புஜ் நகரிலிருந்து லக்பத் போகும் சாலையில் மாதா-நோ-மட் என்ற ஊர் இருக்கிறது. ஆஷாபுரா அம்மன் கோயில் அங்கே பிரசித்தம். அந்தப் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கூட வந்தவர்கள் டீ குடிக்கிற நேரத்தில், ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தின் விளிம்பு வரை போனேன்.

எதிர்ச் சுவர் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்தது போல இருந்தது. அடியில் கறுத்த பாறை, வெங்காயம் உரிவது போலத் தோல் தோலாக உரிந்து கிடந்தது. அதற்கு மேல் சாம்பலும் பச்சையும் மஞ்சளும் கலந்த களி, இரண்டு ஆள் உயரம். அதன் முகம் காய்ந்து, அரிசிப் பொரியை அள்ளி அப்பியது போல இருந்தது. நனைந்து ஊதிக் காய்ந்த பென்டோனைட்டின் முகம் அப்படித்தான் இருக்கும். அதற்கும் மேல் செங்கல் நிறத்தில் செம்பாறை. உச்சியில் ஒரு சாண் மண்ணும் சீமைக் கருவேலமும். ஆமாம், நம் ஊர்க் கண்மாயைக் கெடுத்த அதே மரம். அங்கே அதற்குக் காண்டோ பாவள் என்று பெயர், பைத்தியக்கார வேலம் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்களுக்கு அனுபவம் இருந்திருக்கிறது.

அடியில் இருக்கும் கறுப்புப் பாறை பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் தரை பிளந்து எரிமலைக் குழம்பு கொட்டியது. இன்றைக்கும் சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது உறைந்து கிடக்கிறது. மும்பையிலிருந்து புனே போகும்போது படிப்படியாகத் தெரியும் மலைகள் அந்தக் குழம்பு உறைந்தவை. கட்ச் அதன் வடமேற்கு ஓரம். அப்போது நம் நாடு இருந்த இடமே வேறு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இன்றைய ரீயூனியன் தீவுப் பக்கம் இருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. டைனோசர்கள் அற்றுப்போனதும் ஏறத்தாழ அந்தக் காலம்தான்.

அந்தக் குழம்புப் பாறையும் எரிமலைச் சாம்பலும் பிறகு தண்ணீரில் ஊறின. ஊறிய விதத்தில்தான் சூட்சுமம். மழை கொட்டி, தண்ணீர் வடிந்து ஓடிவிடும் இடத்தில், பாறையில் இருந்த சிலிக்காவும் மக்னீசியமும் சோடியமும் கரைந்து போய்விடும். மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். அதுதான் செம்பாறை, பாக்சைட். தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கும் இடத்தில் அந்தச் சத்துகள் வெளியேற வழியில்லை. அவை அங்கேயே கூடி இந்தப் போளித் தகடுகளாக மாறிவிடும். அதுதான் பென்டோனைட். ஒரே தாய்ப்பாறைக்குப் பிறந்து, தண்ணீர் ஓடியதா நின்றதா என்பதை வைத்து இரண்டு விதமாக வளர்ந்த பிள்ளைகள். கட்ச்சில் பாக்சைட்டும் பென்டோனைட்டும் அடுத்தடுத்துக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இதையெல்லாம் கரும்பலகையில் நான் எத்தனையோ முறை படம் போட்டு நடத்தியிருக்கிறேன். ஒரே சுவரில், கை நீட்டிக் காட்டுகிற தூரத்தில், நிஜமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். சுரங்கம் தோண்டாமல் இருந்திருந்தால் அந்தச் சுவர் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

அதே கட்ச்சில் பானந்த்ரோ என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே 2005-ல் கிடைத்த 27 முதுகெலும்புத் துண்டுகளை ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பாம்பு. நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்கிறார்கள், அதாவது ஒரு பேருந்தை விட நீளம். வாசுகி இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். மாதா-நோ-மட் பகுதியில் ஜாரோசைட் என்று ஒரு கனிமம் கிடைக்கிறது. 2004-ல் நாசாவின் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாய்க் கிரகத்தில் கண்டுபிடித்ததும் அதே கனிமம். அதனால் இஸ்ரோவின் ஆய்வாளர்களும் அந்த மண்ணை எடுத்துப் போய்ச் செவ்வாயோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு மதிப்புள்ள இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

வேலியும் அறிவிப்புப் பலகையும் இல்லை. வழித்துத் தள்ளிய மேல்மண் ஒரு பக்கம் மேடாகக் கிடக்கிறது. பள்ளத்தின் அடியில் பச்சைத் தண்ணீர். ஓட்டுநர் கால்நடை வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சொன்னார்: மழைக்காலத்தில் இதில் தண்ணீர் நிற்கும், சுற்றுப்புறத்தில் எல்லாம் காய்ந்த பிறகும் இதில் மட்டும் இருக்கும். தண்ணீர் வாசனைக்கு எருமைகள் வரும். கரையில் கால் வைத்தால் வழுக்கும். ஒரு முறை ஓர் எருமை விழுந்து, ஏற முடியாமல் விடிய விடியக் கத்தியிருக்கிறது. ஆறு பேர் கயிறு கட்டி இழுத்தார்களாம். வெளியே வந்தபோது முன்னங்கால் ஒடிந்திருந்தது. யாரையும் அவர் குறை சொல்லவில்லை. "தண்ணி இருக்குது சார், இறங்க வழிதான் இல்லை" என்றார். இந்தியில் சொன்னதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

கண்ணுகளா, இங்கே கொஞ்சம் யோசியுங்கள். மூட்டையில் நாம் காசு கொடுத்து வாங்குவது எந்தக் குணத்தை? தண்ணீரைப் பிடிக்கும், ஊதும், வழவழப்பாகும், அடைத்துக்கொள்ளும். பள்ளத்தின் கரையிலும் அதே குணம்தான் வேலை செய்கிறது. அடைத்துக்கொள்வதால் தண்ணீர் பூமிக்குள் இறங்காமல் நிற்கிறது. வழவழப்பதால் கால் வைத்தவர் மேலே ஏற முடிவதில்லை. காயும்போது வெடித்து, நனையும்போது ஊதுவதால் செங்குத்தான சுவர் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. கல்குவாரிப் பள்ளத்தை விட இது மோசம். கல்லில் பிடித்து ஏற ஒரு விளிம்பாவது அகப்படும், நனைந்த களியில் ஒன்றும் அகப்படாது.

கல்குவாரி மட்டும் என்ன, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வருகிறதே, "குவாரிக் குட்டையில் குளிக்கச் சென்ற மாணவர்கள்" என்று. அந்தத் தலைப்பைப் பார்த்தாலே, உள்ளே பெயரைப் படிக்கும் வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாற்பது வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவனுக்கு அந்த வியாதி போகாது.

வேலை முடிந்த பள்ளத்தை நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். ஒன்று, அப்படியே விட்டுவிடுவது. இரண்டு, குப்பை கொட்டி நிரப்புவது. களிப் பள்ளத்தில் குப்பை கொட்டலாம், கீழே கசியாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குப்பைக் கிடங்குக்கு அடியில் பென்டோனைட் விரிப்பது உண்மைதான். ஆனால் அதை அளந்து, சமமாக விரித்து, காயாமல் மூடி, கசிவு நீரை வெளியே எடுக்கக் குழாய் போட்டுச் செய்ய வேண்டும். வெயிலில் வெடித்துக் கிடக்கும் களியின் மேல் லாரியைத் திருப்பிக் கொட்டுவது அந்தக் கணக்கில் சேராது. தவிர, ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவில்தான் மழை பெய்கிற கட்ச்சில், தண்ணீர் நிற்கிற ஒரு பள்ளத்தைக் குப்பைக்குக் கொடுப்பது பாவம்.

மூன்றாவது வழி இருக்கிறது. அது நமக்குப் புதிதும் இல்லை. நம் ஊர்க் குளங்களும் ஒரு காலத்தில் மனிதன் வெட்டிய பள்ளங்கள்தாம். பள்ளத்தைக் குளமாக்கியது எது? கரை, வரத்துக் கால்வாய், படித்துறை. குஜராத்துக்காரர்களுக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரைத் தேடிப் பூமிக்குள் படிப்படியாக இறங்கும் வாவ் என்ற கிணறுகளைக் கட்டியவர்கள் அவர்கள். பாட்டன் நகரில் இருக்கும் ராணி வாவ் 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அந்த நாட்டிலேயே இறங்க வழியில்லாத பள்ளம் கிடக்கிறது என்றால், தெரியாமல் கிடக்கிறது என்று சொல்ல முடியாது. செலவு யாருடையது என்று தீராமல் கிடக்கிறது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் நின்ற தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள். அதுவரை குப்பை என்று நினைத்த பள்ளம், தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுத்தது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சுரங்க வேலை முடிந்ததும் குத்தகைக்காரர் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் தழைக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. நீதிபதிகள் மாட்டுத் தீவனத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகச் செலவிட வேண்டிய பணம் அது. ஆக, விதியும் நிதியும் காகிதத்தில் உண்டு. ஆனால் சட்டம் தானாக நடந்து போய்ப் பள்ளத்தின் கரையில் நிற்காது. யாராவது கேட்க வேண்டும். ஆடு மேய்ப்பவர் கேட்டால் யார் காதில் விழும்? சரக்கு வாங்குகிறவர் கேட்டால் விழும்.

இந்த விஷயத்தைப் போனில் சொன்னபோது, சின்னதாகப் பவுண்டரி நடத்தும் ஒரு பழைய மாணவர் நேர்மையாகவே கேட்டார். "சார், நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா கரண்ட் பில், ஜி.எஸ்.டி., கூலி எல்லாம் ஏறிக் கிடக்குது. இதுல மூட்டை விலையும் ஏறினா எங்க போறதுங்க? அது குஜராத் கவர்மென்ட் பார்க்க வேண்டியதுங்களே?"

அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். ஊரடங்கு மாதங்களில் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் கோபப்படாமல் கணக்குப் போடச் சொன்னேன். உங்களுக்கும் அதே கணக்கு.

ஒரு டன் பென்டோனைட்டுக்கு 100 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 10 பைசா. நாளைக்கு ஒரு டன் வாங்கும் பட்டறைக்குக் கூடுதல் செலவு 100 ரூபாய். ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்கும் டீச் செலவை விடக் குறைவு. இப்போது பள்ளத்தின் பக்கம் வாருங்கள். நீளம் 100 மீட்டர், அகலம் 100 மீட்டர், ஆழம் 10 மீட்டர் என்று வையுங்கள். அதில் பாதி மேல்மண், பாதி களி என்றால், களி 50,000 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்று போட்டால் 75,000 டன். டன்னுக்கு 100 ரூபாய் என்றால் 75 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு பக்கச் சுவரைச் சரிவாக்கி, ஒதுக்கி வைத்த மேல்மண்ணைப் பரப்பிப் புல் விதைத்து, கல் பாவிய ஒரு படித்துறை போட்டு, மற்ற மூன்று பக்கமும் வேலி கட்ட முடியாதா? இது உதாரணக் கணக்குதான். ஆனால் பட்டறை ஒன்றும் இதனால் மூழ்கிவிடாது என்பது இதில் தெரிகிறது அல்லவா?

அரசு பார்க்க வேண்டியது என்பதும் சரிதான். அதற்காக நாம் பார்க்கவே கூடாது என்று ஆகிவிடாது. கோயம்புத்தூர்ப் பம்பு வாங்குகிற வடநாட்டு விவசாயி, தரம் சரியில்லை என்றால் நம்மைத்தான் கேட்கிறார். "அது இரும்பு விற்றவர் தப்பு" என்றால் ஒப்புக்கொள்வாரா?

சுரங்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக் கிணற்று மோட்டாரும் வெட் கிரைண்டரின் இரும்புப் பாகங்களும் மணல் அச்சில் பிறந்தவைதாம். அங்கே களி தோண்டி, காய வைத்து, அரைத்து, மூட்டை கட்டிப் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு. தோண்டட்டும். ஆனால் முதல் நாளே, கடைசி நாளில் இந்த இடம் எப்படி இருக்கும் என்று வரைபடம் போட்டு, அதற்கான பணத்தை ஒவ்வொரு லோடிலும் எடுத்து வைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு பணம் தேடினால் ஆள் அகப்பட மாட்டார். பெண்ணுக்குக் கல்யாணம் வைக்கப் பத்து வருடம் முன்பே சீட்டுக் கட்டுகிறவர்கள் நாம். நமக்கு இது புரியாததா?

இன்னொரு ஆசையும் உண்டு. நான்கு சுவர்களில் ஒன்றை மூடாமல் விட வேண்டும். பாதுகாப்பான தூரத்தில் ஒரு கம்பித் தடுப்பும், குஜராத்தியில் ஒரு பலகையும் போதும். பசால்ட், களி, செம்பாறை என்று அம்புக்குறி போட்டு எழுதினால், சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை விடப் பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்லான மரங்களைப் பாதுகாத்து வைத்திருப்பதால்தானே நம் பிள்ளைகள் போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள்? 6.6 கோடி வருடக் கதையைத் தன் ஊர்ச் சுவரில் படிக்கிற பிள்ளை, அந்த ஊரைக் குப்பைமேடாக விடாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை.

பவுண்டரியில் பர்ச்சேஸ் பார்க்கிறவர்கள், பைலிங் கான்ட்ராக்டில் இருக்கும் இன்ஜினியர் தம்பிகள், அடுத்த முறை பென்டோனைட் ஆர்டர் போடும்போது சப்ளையரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சரக்கு எந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது? வேலை முடிந்ததும் அந்தக் குழியை என்ன செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? ஊதும் தன்மைக்கும் ஈரப்பதத்துக்கும் சர்டிபிகேட் கேட்கிறீர்கள் அல்லவா, அதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் பதில் தயார் செய்து வைப்பார்கள்.

இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஆசிரியப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு டம்ளரில் காய்ந்த கரிசல் தூள், இன்னொன்றில் செம்மண் தூள், இரண்டும் கால் டம்ளர் அளவு. மெதுவாகத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். எது ஊதுகிறது, எது அப்படியே இருக்கிறது என்று பிள்ளைகளே அளக்கட்டும். பிறகு வெயிலில் காய வைத்து, எது வெடிக்கிறது என்று பார்க்கட்டும். அதன் பிறகு குட்டைக் கரை ஏன் வழுக்குகிறது என்று கேளுங்கள். அந்தப் பாடம் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. படித்துறை இல்லாத தண்ணீரில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். விலைக் கணக்கில் எங்காவது இடிக்கிறது என்று பவுண்டரிக்காரர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், அந்தத் தொழில் என்னை விட உங்களுக்குத்தான் தெரியும். அந்த இரண்டு கேள்வியையும் கேட்டவர்கள், சப்ளையர் என்ன பதில் சொன்னார் என்று கீழே எழுதுங்கள். பதிலே சொல்லவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்